கோப்பாயிலிருந்து சாவகச்சேரிக்குப் போகும் தரவுப் பாக்கெட் ஏன் சிங்கப்பூர் சுற்றிப் போகிறது?

வல்லைவெளி | வெள்ளி இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கிழமையாக மண்டையைக் குடையும் ஒரு பிரச்சினை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் சின்ன ஹாம் (அமெச்சூர் வானொலி) வலை இதுதான். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் என் வீட்டு மாடி, கைதடியில் சிநேகிதன் வீட்டுக் கூரை, சாவகச்சேரியில் மாமாவின் கடை மேல்தளம். மூன்று இடத்திலும் 5.8 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற ரேடியோ. ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டர் மென்பொருள்) ஏற்றி, ரேடியோவுக்குள்ளேயே பேபல் ஓடுகிறது. எந்த வழியால் பாக்கெட்டை அனுப்புவது என்று நிலையங்கள் தாமே பேசித் தீர்மானிக்கும் ரவுட்டிங் புரோட்டோகோல் அது. கோப்பாய்க்கும் கைதடிக்கும் நாலு கிலோமீட்டர் அளவில் இருக்கும், இடையில் கடனீரேரியும் புல்தரவையும்தான். கைதடியிலிருந்து சாவகச்சேரி ஏழு கிலோமீட்டர், அந்தப் பக்கம் பனை அதிகம்.

வேலணையில் தீவான் அண்ணைக்கு ரேடியோ வழி இன்னும் கிடைக்கவில்லை. அவரையும் சேர்ப்பதற்காகச் சிங்கப்பூரில் ஒரு விபிஎஸ் (இணையத்தில் உள்ள சர்வர்) வாடகைக்கு எடுத்து, கோப்பாய், சாவகச்சேரி, வேலணை மூன்றிலிருந்தும் அதற்கு இணையம் வழியாக வயர்கார்ட் (மறைகுறியாக்கும்) டனல் போட்டோம். கைதடியில் இணையம் இல்லை, அங்கே ரேடியோ மட்டும்.

டனல் போட்ட நாளிலிருந்து சாவகச்சேரியில் உள்ள மழைமானியின் இணையப் பக்கம் ஆமை வேகத்தில் திறக்கிறது. பிங் (போய்வரும் நேரம்) 130 மில்லிசெக்கன். பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் பார்த்தால் இரண்டே ஹொப் (தாவல்). இரண்டு ஹொப் என்றால் கைதடி வழிதானே என்று நினைத்து மூன்று நாள் ரேடியோவை நோண்டினேன். நேற்று இரவுதான் இடையில் உள்ள முகவரியை வடிவாகப் பார்த்தேன். அது கைதடி இல்லை, சிங்கப்பூர்.

கைதடி லிங்க் உயிரோடுதான் இருக்கிறது. பிறகு ஏன் இப்படி?


நுணாவில்_காற்று | வெள்ளி இரவு 10.15

சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கிவிட்டது தம்பி. கைதடி–சாவகச்சேரி நடுவில் பனை ஓலை ஆடினால் லிங்க் விழும், எழும்பும். ஏழு கிலோமீட்டருக்கு 5.8இல் முதலாம் பிரெனல் வலயத்தின் (நேர்கோட்டைச் சுற்றி ரேடியோ அலைக்கு வேண்டிய வெளி) ஆரை நடுவில் ஒன்பதரை மீட்டர். அதில் 60 வீதமாவது மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். கண்ணுக்கு எதிர்ப்பக்கம் தெரிகிறது என்பது போதாது. முதலில் அன்டெனாவை உயர்த்திப் பாருங்கள்.


வல்லைவெளி | வெள்ளி இரவு 10.32

அதையும் பார்த்தேன் அண்ணை. கைதடிக்குப் பிங் 2 மில்லிசெக்கன், கைதடியிலிருந்து சாவகச்சேரிக்கு 3. நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் தவறுகிறது. காற்றே இல்லாத விடியற்காலையிலும் பாக்கெட் சிங்கப்பூர்தான் போகிறது.


கைதடி_சோல்டர் | சனி காலை 6.50

அன்டெனாவைத் தொட வேண்டாம். உங்கள் பேபல் தனக்குத் தெரிந்தவரை சரியாகத்தான் நடக்கிறது. அதற்குக் கிடைக்கும் தகவல்தான் பிழை.

டனல் என்பது ஒரு பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புவது. வெளிப் பாக்கெட் கடலடிக் கேபிளில் எத்தனை ரவுட்டரைத் தாண்டினாலும் உள்ளே இருப்பதற்கு அது ஒரே ஹொப். உங்கள் ட்ரேஸ்ரூட் இரண்டு என்று காட்டியது அதனால்தான். ரவுட்டிங் புரோட்டோகோலுக்கும் அப்படியே: பாக்கெட் தவறாத, எப்போதும் உயிரோடு இருக்கும் அருமையான ஒரு வயர். பனை இல்லை, காற்று இல்லை. அதுவே ரேடியோ லிங்க் பாவம், தன் குறையெல்லாம் தானே சொல்லிக்கொண்டிருக்கும்.

இப்போது கணக்கு. பேபலை ஓட்டும் பேபல்டி மென்பொருளில் ஒன்றும் மாற்றாமல் விட்டால் வயர்லெஸ் இடைமுகத்தின் அடிப்படைச் செலவு 256, வயர் என்றால் 96. டனல் வயர் கணக்கில்தான் சேரும். இடைமுகத்தின் வகை டனல் என்று எழுதியிருந்தால் போய்வரும் நேரத்தையும் அளந்து ஒரு தண்டம் போடும்: 10 மில்லிசெக்கன் வரை ஒன்றுமில்லை, 120ஐ எட்டினால் 96, இடையில் நேர்கோடு. சிங்கப்பூருக்கு உங்களுக்கு 62 வருகிறது என்று வைத்தால் தண்டம் 45. ஆக ஒரு டனல் 141.

கோப்பாய்–சிங்கப்பூர்–சாவகச்சேரி: 282.
கோப்பாய்–கைதடி–சாவகச்சேரி: ஒரு பாக்கெட்கூடத் தவறாவிட்டாலும் 512.

எதைத் தேர்ந்தெடுக்கும்? கைதடிப் பாலத்தைக் கடந்தால் போகும் இடத்துக்கு விமானம் பிடித்துப் போவது மலிவு என்று நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஓஎல்எஸ்ஆர் என்ற இன்னொரு ரவுட்டிங் புரோட்டோகோல் ஓடும் வலைகளிலும் இதே கதை. அங்கே ஈடிஎக்ஸ் மெட்ரிக் (ஒரு பாக்கெட்டைச் சேர்க்க எத்தனை முறை அனுப்ப வேண்டும் என்ற அளவு): போகும் தரத்தையும் வரும் தரத்தையும் பெருக்கி, ஒன்றை அதால் வகுப்பது. 0.9 தரமும் 0.8 தரமும் உள்ள நல்ல ரேடியோ லிங்கே 1.39 ஆகிவிடும். டனலில் இழப்பில்லை, அதனால் 1.0. டனல் வென்றுவிடும். ஹாம் வலைகளுக்கான ஏஆர்ஈடிஎன் மென்பொருளில் டனலுக்குத் தனியாக எடை போடும் வசதி இருப்பது இந்தத் தொல்லைக்காகத்தான்.


ஸ்காபரோ_பழசு | சனி மாலை 6.05

தம்பி சோல்டர் சொன்னது முழுக்கச் சரி. கிழவன் கொஞ்சம் பழைய கதை சேர்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாம் வலையில் டனல் புதுச் சரக்கில்லை. 44 என்று தொடங்கும் ஐபி முகவரித் தொகுதி 1981இல் அமெச்சூர் வானொலிக்கென்று ஒதுக்கப்பட்டது. ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள். அதில் 44.192 முதல் மேலே உள்ள கால்பங்கை 2019இல் அமேசனுக்கு விற்றார்கள். அதை வைத்து ஹாம்கள் பிடித்த சண்டை தனி இழைக்குக் காணும்.

உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த அந்த 44 முகவரி வலைகளை இணைத்தது ஐபிஐபி டனல்கள். மறைகுறியாக்கம் இல்லை, ஒன்றுமில்லை, ஒரு ஐபி தலைப்புக்குள் இன்னொன்று, 20 பைட் மேலதிகம், அவ்வளவுதான். எந்தத் தொகுதிக்கு எந்தப் பொது முகவரி வாசல் என்பதை சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வாசல் இயந்திரம் ரிப் என்ற பழைய ரவுட்டிங் புரோட்டோகோலின் இரண்டாம் பதிப்பு வடிவில் எல்லோருக்கும் அனுப்பும். அதை உண்மையான ரிப் என்று எண்ணாதீர்கள். அயலவனிடம் கேட்டு அயலவனுக்குச் சொல்வது ரிப்பின் வழக்கம். இதில் ஒரே ஒருவர் அட்டவணை வாசிக்கிறார், மற்றவர்கள் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். கோயில் திருவிழா உபயகாரர் பட்டியல் வாசிப்பது மாதிரி. அதனால் எல்லா வாசலும் மற்ற எல்லா வாசலுக்கும் நேரே டனல் போடும், நடுவில் ஆள் கிடையாது.

உங்களுடையது அப்படியில்லை. எல்லாம் சிங்கப்பூர் என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது. அதனால்தான் அந்த ஆணியின் செலவை நீங்களே எழுதிவைக்க வேண்டும்.

கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன். நாங்கள் 1200 போட் (செக்கனுக்கு 1200 பிட்) வேகத்தில் ரேடியோவில் பாக்கெட் ஓட்டிய காலத்தில் ரவுட்டிங் புரோட்டோகோலே எதிரி. ரிப்பின் முழு அட்டவணைப் பாக்கெட் ஒன்று, 25 வழி, தலைப்புகளோடு 532 பைட். 1200 போட்டில் அது மூன்றரைச் செக்கன். ஒவ்வொரு 30 செக்கனுக்கும் ஒருமுறை. நாலு நோட் (வலை நிலையம்) சேர்ந்தால் அலைவரிசையில் பாதி நேரம் எல்லோரும் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொண்டிருப்பார்கள், போவதற்கு ஆள் இருக்காது. கையால் வழி எழுதிப் பழகியது அப்படித்தான்.


வல்லைவெளி | சனி இரவு 8.20

இரண்டு பேருக்கும் நன்றி. 282 எதிர் 512 என்று பார்த்தவுடன் சிரிப்பு வந்துவிட்டது.

கோப்பாயில் டனல் இடைமுகத்துக்கு ஆர்எக்ஸ்காஸ்ட் 600 என்று மாற்றினேன். பிங் 130இலிருந்து 68க்கு வந்தது. 5 அல்லவா வர வேண்டும்? பாதி வழியில் நின்ற மாதிரி இருக்கிறது.


கைதடி_சோல்டர் | சனி இரவு 8.41

பாதி வழிதான்! சரியாகவே சொல்லிவிட்டீர்கள்.

ஆர்எக்ஸ் என்றால் வாங்குவது. அந்த எண் நீங்கள் அனுப்புவதற்கான செலவு இல்லை, உங்களிடம் அனுப்புகிறவருக்கு நீங்கள் சொல்லும் விலை. நீங்கள் 600 போட்டதால், சிங்கப்பூர் கோப்பாய்க்கு அனுப்புவது விலை ஏறியது. அதனால் சாவகச்சேரியிலிருந்து வரும் பதில் கைதடி வழியாக வருகிறது. நீங்கள் சிங்கப்பூருக்கு அனுப்பும் விலையைச் சிங்கப்பூர்தான் சொல்கிறது, அது இன்னும் 96இலேயே இருக்கிறது. ஆகவே போவது கடல்வழி, வருவது பாலத்து வழி. 65க்கு 3ஐக் கூட்டுங்கள்.

விபிஎஸ்ஸிலும், சாவகச்சேரியிலும், வேலணையிலும் அதே எண்ணைப் போடுங்கள். 600 நல்ல எண். ரேடியோ நன்றாக இருக்கும்போது 512, டனல் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். காற்றில் ஒரு லிங்க் ஒவ்வொரு பக்கமும் 30 வீதம் இழந்தால் அதன் செலவு 522 ஆகும், அப்போதும் ரேடியோதான். இரண்டு லிங்கும் அதைவிடக் கேவலமானால் டனலுக்குப் போகும். அதுதானே நமக்கு வேண்டும்.

எல்லாவற்றையும் 60000க்கு ஏற்றிவிட வேண்டாம். பேபலில் 65535 என்றால் முடிவிலி, அந்த வழியே இல்லை என்று பொருள். இரண்டு டனல் சேர்ந்தால் எல்லை கடந்துவிடும்.


வல்லைவெளி | ஞாயிறு காலை 7.15

5.4 மில்லிசெக்கன்! மழைமானிப் பக்கம் கண்ணிமைக்க முதல் திறக்கிறது.

ஆனால் பதிவேட்டைப் பார்க்கும்போது இன்னொரு பழைய வியாதியும் கண்ணில் பட்டது. என் வீட்டு இணையம் 4ஜி ரவுட்டரில்தான். போன கிழமை முழுக்க, இரவு இரண்டு மணியளவில் அது ஒரு நிமிஷம் விழுந்தால், டனல் கால் மணித்தியாலம் விழுந்து எழும்பி விழுந்து எழும்பியிருக்கிறது. சாவகச்சேரியில் ஃபைபர் இருப்பதால் மாமாவின் நோட் தன் பொதுவழியை (இணையத்துக்குப் போகும் வழி) வலைக்குள் அறிவிக்கிறது, கைதடி நோட் நேரம் சரிசெய்வதற்காக நான்தான் அப்படிப் போட்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ?


ஸ்காபரோ_பழசு | ஞாயிறு மாலை 5.50

இருக்கிறது, இருக்கிறது. டனலும் ரவுட்டிங்கும் சேரும் இடத்தில் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி இது. நான் மூன்று முறை விழுந்திருக்கிறேன்.

4ஜி விழுந்ததும் உங்கள் நோட்டின் சொந்தப் பொதுவழி போய்விடும். அந்த நேரம் பேபல் டனல் வழியாகக் கற்ற பொதுவழி கையில் இருக்கும். அப்போதெல்லாம் டனல்தானே உங்களுக்கு மலிவு. இப்போது வயர்கார்ட் தன் வெளிப் பாக்கெட்டைச் சிங்கப்பூரின் பொது முகவரிக்கு அனுப்ப வேண்டும். வழி எது? டனலுக்குள்ளே. பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. ஒன்றும் வெளியே போகாது, சிறிது நேரத்தில் பேபல் அயலவரைக் காணோம் என்று வழியை எடுக்கும், டனல் உயிர்க்கும், வழி திரும்ப வரும், திரும்பப் பூட்டும்.

மருந்து: விபிஎஸ்ஸின் பொது முகவரிக்கு மட்டும், அந்த ஒரே முகவரிக்கு, 4ஜி வழியாகக் கையால் ஒரு நிலையான வழி. அதோடு டனல் இடைமுகத்தில் பொதுவழியை உள்ளே எடுக்காதே என்று வடிகட்டி போடுங்கள். டனலைத் தாங்கும் வழியை டனலிடமே கேட்டு அறியக் கூடாது.


தீவான் | ஞாயிறு இரவு 9.10

எல்லாம் வாசித்தேன். நான் வேலை செய்யும் இடத்தில் கிளைகளை இணைப்பது ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் புரோட்டோகோல். ஐந்து வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை. நாமும் அதற்கே மாறினால் என்ன? பேபல் பற்றிக் கேட்டால் சொல்லித்தரவும் ஊரில் ஆளில்லை.


ஸ்காபரோ_பழசு | திங்கள் காலை 5.30

எனக்கும் ஓஎஸ்பிஎஃப் பிடிக்கும். வாஷிங்டன் மாநிலத்து ஹாம்வான் வலை அதில்தான் ஓடுகிறது. ஐரோப்பாவின் ஹாம்நெட் ஓடுவது பிஜிபி என்ற இன்னொரு புரோட்டோகோலில். ஆனால் டனலில் ஓஎஸ்பிஎஃப் ஏற்றும்போது இரண்டு இடத்தில் கால் தடுக்கும்.

ஒன்று, எம்டியு, அதாவது ஒரு லிங்கில் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு. ஜிஆர்ஈ என்ற டனல் வகையின் மேலதிகம் 24 பைட், ஆகவே எம்டியு 1476. ஒரு பக்கம் 1476 என்றும் மறுபக்கம் யாரோ 1500 என்றும் எழுதினால் ஹலோ (உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தி) நன்றாகப் போகும், அயலவர் தெரிவார், ஆனால் அட்டவணை பரிமாறத் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நின்றுவிடும். ஒரு பனிக்கால இரவு முழுக்க அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இரண்டு, வயர்கார்ட். அது வெறும் டனல் அல்ல, அதற்குள்ளேயும் ஒரு வழிப்பட்டியல் இருக்கிறது. அனுமதித்த முகவரிகள் என்ற வரியில் இல்லாத எதையும் அது அனுப்பாது. ஓஎஸ்பிஎஃப் பேசுவது 224.0.0.5 என்ற குழு முகவரியில். அதை எழுதாவிட்டால் ஹலோ போகாது. எழுதினாலும் ஒரே இடைமுகத்தில் இரண்டு பேரை வைத்தால் ஒரு முகவரி ஒருவருக்கே சொந்தமாகும், கடைசியாக எழுதியவர் பறித்துக்கொள்வார். ஆகவே ஆளுக்கு ஓர் இடைமுகம், அதில் எல்லா முகவரியையும் அனுமதி, வழி தீர்மானிப்பதை ரவுட்டிங் புரோட்டோகோலிடம் விடு. பேபலுக்கும் இதே விதி: அது ஐபிவி6 லிங்க்-லோக்கல் (அந்த லிங்குக்குள் மட்டும் செல்லும்) முகவரியில் பேசுவது, வயர்கார்ட் இடைமுகத்துக்கு அது தானாக வராது, கையால் கொடுக்க வேண்டும்.


கைதடி_சோல்டர் | திங்கள் காலை 7.05

தீவான் அண்ணை, மரியாதையோடு மறுக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் ஃபைபர். ஓஎஸ்பிஎஃப்பில் லிங்கின் செலவு அலைக்கற்றை அகலத்தை வைத்து ஒருமுறை எழுதிவைத்த எண். பத்துச் செக்கனுக்கு ஒரு ஹலோ, 40 செக்கன் ஒன்றும் வராவிட்டால் அயலவர் செத்தார். இடையில் ஒன்றுமில்லை, ஒன்றில் உயிர், இல்லை சாவு. 30 வீதம் இழக்கும் லிங்கில் நாலு ஹலோ தொடர்ந்து தவறும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆகவே அந்த நொண்டி லிங்கை முழு ஆரோக்கியமாகவே நினைத்து எல்லாவற்றையும் அதில் தள்ளும். ஹாம்வான்காரர் மலை உச்சிகளில் திட்டமிட்டு நேர்லிங்க் போட்டவர்கள். நம்மிடம் மலை எங்கே? பனைக்கு மேலே எட்டிப்பார்க்கிறோம். சோளகத்துக்கு ஒரு தரம், வாடைக்கு ஒரு தரம் மாறும் லிங்குக்கு இழப்பை அளக்கும் புரோட்டோகோல்தான் வேண்டும்.

சொல்லித்தர ஆளில்லை என்பது மட்டும் உண்மை. அதற்குப் பதில் என்னிடம் இல்லை.


தீவான் | திங்கள் இரவு 8.45

சரி தம்பி, பனைக்குத் தோற்கிறேன். பேபலே இருக்கட்டும்.

என் பக்கம் ஒரு கேள்வி. வேலணையிலிருந்து மழைமானிப் பக்கம் தலைப்பு மட்டும் வந்து அப்படியே நிற்கிறது. பிங் போகிறது. எழுத்துப் பக்கம் திறக்கிறது, படம் உள்ள பக்கம் தொங்குகிறது.


வல்லைவெளி | திங்கள் இரவு 9.02

அண்ணை, துண்டாக்காதே என்ற கொடியோடு 1392 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். வயர்கார்ட்டின் எம்டியு 1420, அதில் தலைப்புக்கு 28 போனால் 1392. அது போகாவிட்டால் உங்கள் இணைய லிங்கே 1500ஐவிடச் சின்னது. பெரிய பாக்கெட் நடுவழியில் செத்துப்போகிறது, செத்த செய்தி அனுப்பியவருக்குத் திரும்பி வருவதில்லை.


தீவான் | திங்கள் இரவு 9.26

1392 போகவில்லை, 1340 போகிறது. டனலின் எம்டியுவை இரண்டு முனையிலும் 1360 ஆக்கினேன், டிசிபியின் எம்எஸ்எஸ்ஸையும் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) அதற்குள் அடங்கச் சுருக்கினேன். படம் வந்துவிட்டது. சாவகச்சேரியில் நேற்று நல்ல மழை போல.


ஸ்காபரோ_பழசு | செவ்வாய் காலை 5.15

நேற்று முழுக்க மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வல்லைவெளித் தம்பி, இதைக் கவனியுங்கள்.

இப்போது ரேடியோ மலிவு, டனல் விலை. சாவகச்சேரியின் பொதுவழி உங்களுக்குக் கைதடி வழியாக வருகிறது. உங்கள் 4ஜி விழுந்தால், 4ஜியைப் பற்றிக்கொண்டிருக்கும் அந்த நிலையான வழியும் அட்டவணையிலிருந்து போய்விடக்கூடும். அப்போது வயர்கார்ட் பாக்கெட் கைதடி தாண்டிச் சாவகச்சேரி ஃபைபர் வழியாகச் சிங்கப்பூர் போகும். வேலை செய்யும், சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் மறைகுறியாக்கிய பாக்கெட் ரேடியோவில் போகிறது.

சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளின் 25.2ஏ, வெவ்வேறு நாட்டு அமெச்சூர் நிலையங்களுக்கு இடையில் பொருளை மறைக்கும் நோக்கத்தோடு குறியாக்கி அனுப்பக் கூடாது என்கிறது. செய்மதிக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் விலக்கு. உள்நாட்டுக்கு என்ன நிபந்தனை என்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தந்த உங்கள் உரிமத்தில் இருக்கும், அதை எடுத்துத் திரும்ப வாசியுங்கள். இணையத்தில் வயர்கார்ட் ஓடுவது பற்றிப் பிரச்சினையில்லை. ஹாம் என்ற பெயரில் ஒலிபரப்பும் அன்டெனாவிலிருந்து அது வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான்.


நுணாவில்_காற்று | செவ்வாய் காலை 8.00

இவ்வளவு பயம் தேவையா அண்ணை? யார் கேட்கப்போகிறார்கள்?


ஸ்காபரோ_பழசு | செவ்வாய் மாலை 6.20

ஒரு காலத்தில் வடக்கில் வோக்கிடோக்கி ஒன்றை வீட்டில் வைத்திருக்கவே முடியாது தம்பி. இன்று பெயரும் அழைப்புக்குறியும் சொல்லிப் பேசுகிறீர்கள். கேட்பவர் விளங்கிக்கொள்ளும்படி பேசுவதற்குத்தான் அந்த உரிமம்.


கைதடி_சோல்டர் | செவ்வாய் இரவு 7.30

தீர்வு எளிது. விபிஎஸ் முகவரிக்கு 4ஜி வழி ஒன்று, அதற்குக் கீழே குறைந்த முன்னுரிமையில் அதே முகவரிக்கு ஒரு கருங்குழி வழி. 4ஜி போனால் பாக்கெட் குழியில் விழும், ரேடியோவுக்கு வராது. போதாதென்று தோன்றினால் ரேடியோ இடைமுகத்தில் வயர்கார்ட் போர்ட்டை வெளியே விடாதே என்று ஃபயர்வாலில் ஒரு வரி. ரேடியோ லிங்கில் டபிள்யூபிஏ (வைஃபை மறைகுறியாக்கம்) போட்டிருந்தால் அதுவும் இதே கணக்குத்தான், எடுத்துவிடுங்கள். ஆள் யார் என்று உறுதிசெய்ய வேண்டுமென்றால் பேபலிலேயே கையொப்பச் சாவி வைக்கலாம். அது உள்ளடக்கத்தை மறைக்காது, வந்தது நம்மவரிடமிருந்தா என்று மட்டும் பார்க்கும்.


வல்லைவெளி | ஞாயிறு மாலை 4.40

பரீட்சை முடிந்தது. காலை பத்து மணிக்குத் தொடங்கினோம்.

முதலில் கோப்பாய் 4ஜி, சாவகச்சேரி ஃபைபர் இரண்டையும் பிடுங்கினோம். கோப்பாய்–சாவகச்சேரி பிங்கில் ஒரு துடிப்புக்கூட இல்லை. டனல் குழியில் விழுந்து பேசாமல் கிடந்தது, கைதடி ரேடியோவில் ஒட்டுக்கேட்டுப் பார்த்தோம், வயர்கார்ட் பாக்கெட் ஒன்றும் வரவில்லை. 2020இல் புரெவி வந்த நேரம் எங்கள் ஒழுங்கையில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அப்போது இது இருந்திருந்தால் என்று மாமா சொன்னார்.

பிறகு இணையத்தைத் திரும்பக் கொடுத்து, கைதடியின் பிளக்கைக் கழற்றினோம். ஏறத்தாழ 20 செக்கன் பிங் இல்லை. பிறகு 130இல் திரும்ப வந்தது. கைதடியை எழுப்பியதும் ஒரு நிமிஷத்துக்குள் 5க்கு இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரே வழி.

ஆனால் இணையம் போன அந்த நாற்பது நிமிஷமும் வேலணை தனித்தீவாகிவிட்டது. தீவான் அண்ணை எங்களுக்குப் போன் எடுத்துத்தான் என்ன நடக்கிறது என்று கேட்டார்.


தீவான் | ஞாயிறு மாலை 5.15

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். டனலை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் எனக்கு அது மட்டும்தான் வழி. குருநகர்ப் பக்கம் ஒரு உயரம் கிடைத்தால் கடலுக்கு மேலால் நேரே போடலாம், அங்கிருந்து கைதடியைப் பிடிக்கலாம். என் வீட்டிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் வரும். எவ்வளவு உயரம் வேண்டும்?


நுணாவில்_காற்று | ஞாயிறு மாலை 5.48

இது என் பாடம். 13 கிலோமீட்டருக்கு பிரெனல் ஆரை நடுவில் 13 மீட்டர், அதில் 60 வீதம் 7.8. பூமியின் வளைவுக்கு இரண்டரை மீட்டர். கடல் மட்டத்திலிருந்து இரண்டு முனையிலும் 10.3 மீட்டர், அதாவது 34 அடி. வள்ளமும் வற்றுப்பெருக்கும் கணக்கில் இல்லை, ஆகவே 40 என்றால் நிம்மதி. உங்கள் தண்ணீர்த் தாங்கி எத்தனை அடி?


தீவான் | ஞாயிறு மாலை 6.02

32. பத்தடிக் குழாய் ஒன்று நட்டால் சரி. மனிசியிடம் கேட்க வேண்டும், போன அன்டெனாவுக்கே ஓடு இரண்டு உடைந்தது.


வல்லைவெளி | ஞாயிறு மாலை 6.10

குருநகரில் என் பெரியம்மா வீடு மூன்று மாடி. நாளைக்கு நாடாவோடு போய் அளந்து போடுகிறேன்.